கைபடாதவரின் என்ஜின்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். தான் வாங்கிய எந்தப் பொருளையும் திறந்து பார்க்காமல் ஒரு ஆயுளையே ஓட்டிய மனிதர் எங்கள் கைபடாதவர் ஒருவர்தான். அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். டிவி ரிமோட்டைப் பாலிதீன் உறையோடு வைத்தே அழுத்துவார். சோபாவுக்குக் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் கவரைக் கழற்றவே இல்லை. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டி நம்மோடு வராது. சுவர்க் கடிகாரம் நின்றுபோனபோது பேட்டரி மாற்றக்கூட விடவில்லை. "கம்பெனியில மூடி அனுப்பினது. நாம திறக்கக் கூடாது" என்றார். அந்தக் கடிகாரம் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள பில்லைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை.

நாங்கள் நாலு பேர். வீடு பெரம்பலூரில், வேலை அரியலூரில், ஒரே அரசு ஆபீஸ். அவர் ஹெட் கிளார்க். நானும் பஷீர் பாயும் அவருக்குக் கீழே. சாவித்திரி மேடம் டைப்பிஸ்ட். தினமும் அவருடைய காரில்தான் போய் வருவோம். நேரில் அவரை நானும் பாயும் அண்ணே என்போம், மேடம் சார் என்பார். முதுகுக்குப் பின்னால் மூன்று பேருக்கும் அவர் கைபடாதவர்தான்.

பெயருக்குக் காரணம் அந்தக் கார். பழைய டீசல் வண்டி. திருச்சியில் ரிட்டயரான ஒரு அதிகாரியிடம் வாங்கியது. சாவியைக் கையில் கொடுக்கும்போது அந்த அதிகாரி ஒரு வாசகம் சொன்னாராம்: "என்ஜின்ல இதுவரைக்கும் கை வைக்கல." பழைய கார் வியாபாரத்தில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. வாங்குகிறவன் முதலில் கேட்பதும் இதுதான், விற்கிறவன் கடைசியில் சத்தியம் செய்வதும் இதுதான். என்ஜினைத் திறந்த வண்டி என்றால் எங்கள் பக்கத்தில் ஏதோ கெட்டுப்போன குடும்பத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அதிகாரி அதை வண்டியை விற்பதற்காகச் சொல்லியிருக்கலாம். நம்மவர் அதை உபதேசமாக வாங்கிக்கொண்டார்.

அந்தக் காரில் பயணம் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கதவைச் சாத்துவதற்கே ஒரு முறை உண்டு. இரண்டு விரலால் தள்ள வேண்டும். "மெல்ல... மெல்ல... ரெண்டு விரலு போதும்" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து குரல் வரும். ஒருநாள் அவசரத்தில் சாவித்திரி மேடம் டமார் என்று அடித்துச் சாத்திவிட்டார். துறைமங்கலம் தாண்டியதும் இவர் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் பின்பக்கம் வந்தார். மேடம் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்து, தடவிக் கொடுத்து, இரண்டு விரலால் மறுபடி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அரியலூரில் இறங்கும்போது மேடமும் இரண்டு விரலால்தான் சாத்தினார்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒன்றில் கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். பட்டர் பானட்டில் சந்தனம் வைக்கக் கையை நீட்டினால் இவர் ஓடிப்போய் ஒரு வாழை இலையை விரிப்பார். "சாமி, இலை மேல வைங்க. பெயிண்ட்ல படவேணாம்." பட்டர் இலைக்கு அர்ச்சனை செய்து அனுப்புவார்.

உடம்பு விஷயத்திலும் இதே கொள்கைதான். "இந்த உடம்புல ஒரு தையல் கிடையாது தம்பி, ஒரு கத்தி பட்டது கிடையாது" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். கடைவாய்ப் பல் வலித்தபோது ஒரு மழைக்காலம் முழுக்கக் கிராம்பை அடக்கிக்கொண்டே ஃபைல் பார்த்தார். பல் தானாக விழுந்தது. அதை வெற்றி என்று எங்களிடம் காட்டினார். சர்க்கரை வியாதி இருந்தது, மாத்திரை போட்டுக்கொள்வார், டெஸ்ட்டுக்கு ரத்தமும் கொடுப்பார். கேட்டால், "அது ஆயில் மாத்துற கணக்கு. ஆயில் மாத்தலாம். திறக்கத்தான் கூடாது" என்பார்.

காருக்கு ஆயில் மாற்றுகிற இடம் பெரம்பலூரில் சேகரின் பட்டறை. சேகர் ஒரு காதில் ஃபோனை இடுக்கிக்கொண்டு உலகத்தையே அதட்டுகிற ஆள். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தபோது அவன் ஃபோனை எடுத்துக் கீழே வைத்தான். அதுவே அதிசயம்.

"சார், எத்தனை தடவ சொல்றது? உள்ள டைமிங் பெல்ட்டுன்னு ஒண்ணு ஓடுது. ரப்பரு. வயசானா வெடிப்பு வுட்டுரும். இந்த வண்டி வந்ததுலேர்ந்து மாத்தவே இல்ல."

"அது அறுந்தா என்ன ஆவும்?" என்று நான் கேட்டேன்.

"கீழ பிஸ்டன் ஏறி எறங்குது. மேல வால்வு திறந்து மூடுது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்காம ஓட்டறதே அந்தப் பெல்ட்டுதான். ஓடறப்ப அறுந்துச்சுன்னா பிஸ்டன் போயி வால்வை அடிச்சி வளைச்சிரும். என்ஜினு காலி. பின்னாடி லாரி வந்தா ஆளும் காலி."

கைபடாதவர் பானட்டின் மேல் காதை வைத்துக் கேட்டார். "ஏதாவது சத்தம் வருதா?"

"சத்தமே வராது சார். அதுதான் அதுல கஷ்டம். கடைசி நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் ஓடும்."

"சத்தம் வரல்லன்னா நல்லா இருக்குன்னுதான அர்த்தம்?"

சேகர் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். இவர் நிதானமாகக் கதவை இரண்டு விரலால் சாத்திக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அரியலூர் ரோட்டில் போனவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். போகாதவர்களுக்குச் சொல்லியும் புரியாது. பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும்வரை வெள்ளைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நம் முதுகிலேயே வரும். ரோட்டோரத்து வேப்ப மரமெல்லாம் வெள்ளையாக நிற்கும். மக்காச்சோளம் ஆள் உயரம் நின்ற ஒரு காலையில், பேரளி தாண்டி, அப்படி ஒரு டிப்பர் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

திடீரென்று காருக்குள் அமைதியாகிவிட்டது. சாவித்திரி மேடம் பேசிக்கொண்டிருந்த வார்த்தை தனியாகக் கேட்டது.

"அண்ணே, என்ன சத்தமே இல்ல?" என்றேன்.

"நம்ம வண்டி அப்படித்தான்" என்றார் பெருமையாக.

"அண்ணே, வண்டி நிக்கிது!" என்று கத்தினார் பஷீர் பாய்.

அவர் மிதித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து டிப்பரின் ஹாரன் எங்கள் பிடரியில் விழுந்தது. நான் பக்கத்திலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். இருந்த வேகத்தில் கார் ரோட்டை விட்டு இறங்கிச் சோளத்துக்குள் மூக்கை நுழைத்தது. டிப்பர் எங்கள் வலப்பக்கக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போயே போய்விட்டது. ஒரு கை அகலம் தள்ளிப் போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை. புழுதி அடங்கும்வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேடம் தன் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யா அல்லா, நாலு பேரும் மவுத்தாயிருப்போம்" என்றார் பாய்.

கைபடாதவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். திருப்பத் திருப்ப உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. வளையாமல் மிச்சம் இருந்த வால்வையும் அந்தத் திருப்பலில்தான் தீர்த்துக் கட்டினார் என்று பிறகு சேகர் சொன்னான்.

"பெல்ட்டு அறுந்துருச்சி. என்ஜினைத் திறந்து ஹெட்டைக் கழட்டணும் சார்" என்றான் சேகர், வந்து பார்த்துவிட்டு.

"வேணாம்."

"கழட்டாம எப்படி சார்?"

"ஓடாட்டியும் பரவால்ல. கை படாத வண்டியாவே இருக்கட்டும்."

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுதான் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தேருக்குள் இருப்பவர்போல் நேராக உட்கார்ந்திருந்தார். நாலு ரோடு சந்திப்பில் தெரிந்தவர்கள் கும்பிட்டபோது பதிலுக்குக் கும்பிட்டார். அதன் பிறகு கார் அவர் வீட்டு ஷெட்டில் நின்றது. தினமும் காலையில் துடைப்பார். துடைத்துவிட்டு எங்களோடு பஸ்ஸில் வருவார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்களைக் கொல்லப் பார்த்த வண்டிக்கு ஒரு மனிதன் நித்திய பூஜை செய்தால் எப்படி இருக்கும்?

வைகாசியில் ஒருநாள் பஸ் படியில் ஏறும்போது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஒண்ணுமில்ல, புழுக்கம்" என்றார். பாய் விடவில்லை. அடுத்த பஸ்ஸில் நாங்கள் இருவரும் அவரைத் திருச்சிக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டர் ஆஞ்சியோ எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "மூணு இடத்துல அடைப்பு இருக்கு. பைபாஸ்தான். நெஞ்சைத் திறந்துதான் பண்ணணும்" என்றார்.

"எனக்கு வலியே இல்லீங்களே சார்?"

"சுகர் இருக்கறவங்களுக்கு வலி தெரியாம இருக்கலாங்க. அதுதான் இதுல கஷ்டம். திடீர்னு நின்னுடும்."

பாய் என் கையைப் பிடித்து அமுக்கினார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சேகரின் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது. கைபடாதவருக்கும் வந்திருக்கும். முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் எழுந்து நின்று, "வாங்க தம்பி, கிளம்புவோம்" என்றார்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா அழுது பார்த்தார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். "திறந்தா பழையபடி ஆவாது. வண்டியானாலும் சரி, மனுசனானாலும் சரி" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஆபீஸில் நாங்கள் மூன்று பேரும் டீயை ஆறவிட்டுக்கொண்டு இதையே பேசினோம். டாக்டர் சொன்னால் கேட்கமாட்டார், பெண்டாட்டி சொன்னால் கேட்கமாட்டார். பிறகு யார் சொன்னால் கேட்பார்?

"வண்டி சொன்னா கேப்பாரு" என்றார் பஷீர் பாய். "அதைத் திறந்து, சரி பண்ணி, அவர் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டுவோம். திறந்தா செத்துப் போவாதுன்னு அதுவே சொல்லட்டும்."

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. சாவித்திரி மேடம்தான், "அவருக்கு இதுதான் சார் பாஷை" என்றார். அந்தக் கார் தன்னைக் கொல்லப் பார்த்தது என்று மாதக்கணக்கில் புலம்பியவர் அவர்.

அக்காவிடம் சொன்னோம். உள்ளே போய் ஷெட் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "செய்யுங்க தம்பி. என்ன திட்டு திட்டினாலும் நான் வாங்கிக்கிறேன். ஆளு இருந்தாத்தான திட்ட முடியும்" என்றார்.

ஓய்வுக்கு என்று சொல்லி அவரை அரும்பாவூரில் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தார் அக்கா. பஸ் கிளம்பியதும் சேகர் வந்தான். ஃபோனை அணைத்து வைத்துவிட்டு ஹெட்டைக் கழற்றினான். வளைந்த வால்வுகளை எடுத்துத் தரையில் போட்டான். எல்லாவற்றையும் மாற்றிப் புதுப் பெல்ட்டைப் பூட்டி முதன்முதலாக ஸ்டார்ட் செய்தபோது, நாங்கள் மூன்று பேரும் அக்காவும், ஒரு காருக்காக, கண் கலங்கி நின்றோம். வெட்கம் கெட்டுத்தான் சொல்கிறேன்.

கைபடாதவர் ஒரு பை கத்தரிக்காயோடு திரும்பி வந்தார். வாசலில் கார் ஓடிக்கொண்டிருந்தது. பையைக் கீழே வைத்தார். எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"யாரு திறந்தது?"

சேகர் அறுந்த பெல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தான். அதன் உள்பக்கத்துப் பற்கள் பாதிக்கு மேல் காணோம். ரப்பர் முழுக்க வெடிப்பு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஒரு வெடிப்பைக் கீறினார்.

"இதோடயா ஓடிட்டிருந்துச்சி?"

"இதோடதான் சார். உங்களுக்குச் சத்தமே காட்டாம."

அவர் காருக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கைபடாதவர் கண்ணைத் திறந்து, "சத்தம் மாறிப்போச்சு" என்றார்.

"மாறிப்போச்சுண்ணே" என்றேன். "ஆனா ஓடுது."

"ஏறுங்க எல்லாரும்."

ஏறினோம். கதவுகளை இரண்டு விரலால் சாத்தினோம். அரியலூர் ரோட்டில் பேரளி தாண்டி, எங்களைச் சோளத்துக்குள் தள்ளிய அதே இடத்தில் போய் நிறுத்தினார். அறுவடை முடிந்து சோளக்கொல்லை வெறுமையாகக் கிடந்தது. டிப்பர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைங்க பேரைச் சொன்னீங்களே மேடம் அன்னிக்கு" என்றார் திரும்பாமல். "எனக்குக் கேட்டுச்சி. சரி தம்பி, அந்த டாக்டருக்குச் சொல்லிருங்க. திறந்துக்கட்டும்."

பாய் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னார். மேடம் மூக்கை உறிஞ்சினார். அப்போதுதான் கைபடாதவர் இன்னொன்றும் சொன்னார். "ஆடி பொறக்கப் போவுது. ஆடியில வேணாம். ஆவணி முதல் முகூர்த்தத்துல வச்சிக்கலாம்."

டாக்டர் தள்ளிப்போட வேண்டாம் என்றார். பாய் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டார். நான் கெஞ்சினேன். அவர் எங்கள் மூவரையும் பார்த்துச் சிரித்தார். "கட்டை வண்டி வாங்கறதுன்னாக்கூட ஆடியில வாங்கமாட்டோம். என்னைத் திறக்கறீங்க, நல்ல நாளு பாக்கவேணாமா? அதான் ஒத்துக்கிட்டேன்ல?" என்றார். ஒரு மலையை நகர்த்தி ஒரு மாதத்தில் மாட்டிக்கொண்டோம். ஆடியில் கல்யாணம் வராது, கிரகப்பிரவேசம் வராது. மாரடைப்பு வராது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது? எனக்கு அந்த மாதத்தின் மேல் இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம். காலையில் வழக்கம்போல் காரைத் துடைக்கப் போனார். துடைத்து முடித்து ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். அக்கா காபி போட்டுவிட்டுக் கூப்பிட்டார். பதில் இல்லை. ஷெட்டுக்குப் போனபோது அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து அக்கா காபி டம்ளரோடு கொஞ்ச நேரம் காத்து நின்றாராம்.

"என்ஜினு மட்டும் ஓடிட்டே இருந்துச்சு தம்பி" என்றார் எங்களிடம்.

குளிப்பாட்டும்போது நாங்கள் பக்கத்தில் நின்றோம். அரும்பாவூர்த் தம்பி சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "எங்கண்ணன் உடம்பப் பாருங்க, ஒரு தழும்பு இல்ல பாருங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதார். உண்மைதான். எங்கும் ஒரு கீறல் இல்லை. பஷீர் பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த நெஞ்சின் நடுவில் ஒரு நீளத் தழும்பு இருந்திருக்க வேண்டும் என்று நான் ஏங்கியதைப் போல் வேறு எதற்கும் ஏங்கியதில்லை.

காரியம் எல்லாம் முடிந்தபின் கார் புரோக்கர் ஒருவர் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தார், டயரை உதைத்தார், பானட்டைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ஜின்ல கை வச்சிருக்காங்களா சார்?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் வாசற்படியிலிருந்து அக்கா பதில் சொல்லிவிட்டார்.

"வச்சாச்சு தம்பி. இது மேல மட்டுந்தான் வைக்க முடிஞ்சிது."

புரோக்கருக்குப் புரியவில்லை. வண்டிக்கு மதிப்பு குறையும் என்றார். அக்கா இறங்கிவந்து சாவியை அவர் கையிலிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார். "இது விக்கிறதுக்கில்ல. நீங்களே அதுல போயிட்டு வாங்க" என்றார்.

இப்போதும் போய் வருகிறோம், மூன்று பேர். நான் ஓட்டுகிறேன். அடுத்த பெல்ட் மாற்ற வேண்டியது எப்போது என்று சாவித்திரி மேடம் ஃபோனில் குறித்து வைத்திருக்கிறார். அது ஆடியில் வருகிறது. ஆடியிலேயே மாற்றுவோம்.

தினமும் அரியலூரில் இறங்குகிறோம். அதட்டுவதற்கு ஆள் இல்லை, ஓங்கிச் சாத்தினாலும் கேட்க நாதி இல்லை. ஆனாலும் மூன்று பேரும் கதவை இரண்டு விரலால்தான் சாத்துகிறோம்.